தேர்வு முடியும் வரை என் தலைமுடி

பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் இனி ஆளைப் பார்த்து வரையப் போவதில்லையாம். வகுப்பில் பெரிய திரை ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதில் ஒரு தலையைக் கொண்டுவந்து, வேண்டிய பக்கம் திருப்பி, வேண்டிய இடத்திலிருந்து வெளிச்சம் விழ வைக்கலாமாம். அந்தத் தலைக்கு வியர்க்காது. கால் மரத்துப்போகாது. வீட்டிலிருந்து போன் வராது. நல்லதுதான்.

இதை எனக்குச் சொன்னது நிவேதா. அங்கே படித்தவள், இப்போது அங்கேயே ஆசிரியை. துறையின் பேரில் சிறப்பு மலர் ஒன்று போடுகிறார்களாம். பல வருடம் மாடலாக உட்கார்ந்தவன் என்பதால் நானும் எழுத வேண்டும் என்று சென்னீர்குப்பத்தில் என் வீட்டைத் தேடி வந்து கேட்டாள். "இனிமையான நினைவுகளா ஒரு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே, போதும்" என்றாள். நான் பத்தாவது வரை படித்தவன். தினம் பேப்பர் படிப்பேன், எழுதிப் பழக்கமில்லை. உட்கார்ந்து யோசித்தபோது இனிமையானது எதுவும் முதலில் வரவில்லை. வந்ததை எழுதியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

மாடலாவதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தேன். தகட்டை வைத்தால் இயந்திரம் அடிக்கும், எடுத்துக் கூடையில் போட வேண்டும். யாரோடும் பேசத் தேவையில்லாத வேலை. எனக்குப் பொருத்தமாக இருந்தது. அதை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தபோது என் மனைவி மலரின் அண்ணன் வந்தார். அவர் கல்லூரி பஸ் ஓட்டுபவர்.

"எங்க காலேஜ்ல ஒரு வேல கீது மாப்ளே. ஓவியம் படிக்கிற பசங்களுக்கு ஆள் வோணுமாம்."

"இன்னா வேல?"

"ஒண்ணியும் இல்ல. சும்மா குந்திக்கினு இருக்கணும்."

"குந்திக்கினு?"

"அவனுங்க உன்னப் பாத்து வரைவானுங்க."

"என்ன எதுக்குப் பாக்கணும்?"

"அத்த அவனுங்களாண்ட கேளு. உன் மூஞ்ச பாக்க நாங்கல்லாம் துட்டு குடுப்போமா? அவனுங்க குடுக்கறானுங்க. போவியா, பேசிக்கினு கீற."

மலர் சிரித்தாள். கல்யாண வீட்டில் குடும்பத்தோடு போட்டோ எடுக்கக் கூப்பிட்டால்கூடப் பந்தி பார்க்கிற சாக்கில் நழுவிவிடுகிறவன் நான். இருபது பேர் நடுவில் மேடை போட்டு உட்கார வேண்டும் என்றால் எப்படி? ஆனால் "மாட்டேன்" என்று யாரிடமும் சொல்லத் தெரியாது. அதனால் போனேன்.

பல்கலைக்கழகம் பெங்களூர் நெடுஞ்சாலையில் திருமழிசையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. நான் பிறந்த குத்தம்பாக்கம் அங்கிருந்து பக்கம்தான். எங்கள் அப்பா பயிர் வைத்த நிலமெல்லாம் அந்தத் திசையில்தான் இருந்தது. அப்பாவும் அம்மாவும் தம்பி செல்வத்தோடு ஊர் வீட்டில் இருந்தார்கள்.

உட்காரக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. ஆடாமல் இருப்பதல்ல கஷ்டம், எதை ஆட்டலாம் எதை ஆட்டக் கூடாது என்று தெரிவதுதான். கட்டைவிரலைச் செருப்புக்குள் மெல்ல அசைக்கலாம், யாருக்கும் தெரியாது. எச்சில் விழுங்கினால் தெரியும், கழுத்து வரைகிறவன் "அண்ணே" என்பான். கண்ணை ஒரே இடத்தில் வைக்க வேண்டும். நான் சுவரில் சுவிட்ச் போர்டைப் பிடித்துக்கொண்டேன். என் கூச்சம் போனது எப்போது என்றால், அவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று புரிந்தபோது. அவர்கள் பார்த்தது நிழலை, கோணத்தை, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை. "டேய் சதீசு, அண்ணன் மூக்கு உன் பேப்பர்ல எங்கடா போவுது, உங்க ஆவடிக்கா?" என்று ஒருவன் கத்துவான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் உள்ளுக்குள் சிரிப்பேன், வெளியே உதடு அசையாது. அது என் மூக்கு என்ற நினைப்பே போய்விடும்.

முதல் வருடப் பிள்ளைகளுக்கு நின்றும் குனிந்தும் சட்டுச் சட்டென்று நிலை மாற்றிக் காட்ட வேண்டும். கரியால் கிறுக்கிவிட்டுத் தாளைப் புரட்டுவார்கள். கடைசி வருடத்துக்கு அப்படியல்ல. எண்ணெய் வண்ணத்தில் ஒரு உருவப்படம், ஒரே நிலை, நாள்கணக்கில் உட்கார வேண்டும். பலகை மேடைமேல் நாற்காலி. நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார்கள். என் பாதங்களைச் சுற்றியும் போடுவார்கள். இடைவேளையில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தால் கோட்டுக்குள் பாதத்தை வைத்து, நாற்காலிக் கையில் எந்த விரல் எங்கே இருந்ததோ அங்கே வைத்து, சுவிட்ச் போர்டைப் பார்த்தால் பழையபடி ஆகிவிடும். துணி மடிப்பு அசையும் என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். நாள் முழுவதும் ஒரே சட்டை. அதைத் துவைக்கக் கூடாது, துவைத்தால் மடிப்பும் நிறமும் மாறிவிடும். மாலையில் கழற்றி மாட்டினால் காலையில் அதே வியர்வையோடு போட்டுக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் அந்தச் சட்டை எப்படி நாறும் என்பதை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது.

இதெல்லாம் வரதன் சாருடைய ஏற்பாடு. அவர்தான் அப்போது துறையில் மூத்த பேராசிரியர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. என்னை "ஐயா" என்பார், மற்றவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது "மாடல்" என்பார். ஏழுமலை என்ற என் பெயரை அவர் சொன்னதாக நினைவில்லை. தொடமாட்டார். தாடையைத் தூக்க வேண்டுமென்றால் தூரத்தில் நின்று, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும் ஒரு நூல்... அவ்வளவுதான்" என்பார். அந்தப் பென்சில் நுனியோடு என் தலை தானாக நகரும். கோபித்துக்கொள்கிறவரிடம் நாமும் கோபித்துக்கொள்ளலாம். இவ்வளவு மரியாதையாக நடத்துகிறவரை என்ன செய்வது?

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டோ கூடாது. வகுப்பு வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருக்கும். எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், நான் உட்பட. "போட்டோவைப் பார்த்து வரையிறவன் ஓவியன் இல்ல, காப்பி மெஷின்" என்பார். ஒரு பையன் தெரியாமல் படம் எடுத்து வீட்டில் வைத்து வரைந்தான் என்று அவன் தாளை எல்லோர் முன்னாலும் மெதுவாக, ஓசையே வராமல், இரண்டாகக் கிழித்தார். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நேரில் பார்த்தால்தான் படம் என்று ஒரு படித்த மனிதர் இவ்வளவு உறுதியாக இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நிவேதாவும் சதீஷும் கடைசி வருடம் படித்தபோதுதான் அது நடந்தது. சதீஷ் முந்தைய வருடம் உருவப்படத் தேர்வில் தேறாமல் மறுபடி எழுதுகிறவன். தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து மதிப்பெண் போடுவார். வரதன் சார் என்னையே உட்கார வைத்தார். எனக்கு அப்போது அடர்ந்த சுருட்டை முடி. மீசையும் தடிப்பு, நடுவில் மட்டும் நரை. "இந்த வருஷம் பரீட்சையே இந்த முடியும் மீசையும்தான். முடியை முடியா வரையாதீங்க, ஒரு உருவமா பாருங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார். தேர்வு வாரம் முழுவதும் முடிவெட்டிக்கொள்ள வேண்டாம் என்று என்னிடமும் சொல்லியிருந்தார்.

வாரத்தின் நடுவில் ஒரு நாள், காலை இடைவேளையில் கூடையிலிருந்து போனை எடுத்தேன். தம்பி விடாமல் கூப்பிட்டிருந்தான். திரும்பக் கூப்பிட்டேன்.

"எங்கண்ணா கீற? எத்தினி தபாண்ணா அடிக்கிறது?" என்று அழுதான். "அப்பா போயிட்டாருண்ணா. டீ கேட்டாரு. அம்மா போட்டுக்கினு வரங்காட்டியும் போயிட்டாரு. சாயங்காலமே எடுக்கறோம். நீ வந்தாதான் ஆவும்."

வராந்தாவில் அப்படியே நின்றேன். பிள்ளைகள் சுற்றிலும் வந்துவிட்டார்கள். வரதன் சாரும் வந்தார். "எங்கப்பா இறந்துட்டாரு சார்" என்றேன். "அடடா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வருத்தம் முடியுமுன்பே அவர் கண் என் முகத்திலிருந்து மேலே ஏறித் தலைக்குப் போனதைப் பார்த்தேன். எத்தனையோ வருடம் அந்தக் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்தவன், அது எங்கே போகிறது என்று தெரியாதா?

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. உங்க வழக்கத்துல மொட்டை போடுவாங்களா?"

"மூத்தவன் போடணும் சார். மீசையும் எடுத்துட்டுத்தான் கொள்ளிச்சட்டி தூக்கணும்."

"நீங்கதான் மூத்தவரா?"

"ஆமா சார்."

"தம்பி இருக்காரில்ல?"

சார் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தார். அவர் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எல்லோருடைய படத்திலும் உடம்பும் சட்டையும் முடிந்து, தலை பாதியில் நின்றது. சதீஷ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, போன வருசமே எனக்கு இதுலதாண்ணே போச்சு. இந்த தபாவும் போச்சுன்னா எங்கம்மா என்ன ஊட்ல சேக்காதுண்ணே."

"டேய், அவங்க அப்பா செத்திருக்காருடா" என்றாள் நிவேதா.

"தெரியும்டி. நான் இன்னா பண்ணட்டும்?"

சார் அவனைக் கையமர்த்தினார். "நான் எதையும் வற்புறுத்தலங்க. இன்னைக்கு நாள் முழுக்க நீங்க இருந்து எல்லாம் பாத்துட்டு வாங்க. நாளைக்கு வந்து உட்கார்ந்தா போதும். தேர்வு முடிஞ்சதும் நீங்க என்ன வேணா பண்ணிக்கலாம். உங்களுக்கே தெரியும், போட்டோ பாத்து முடிங்கன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா நான் இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்ததுக்கு அர்த்தமில்லாம போயிடும்."

"சரி சார்" என்றேன்.

ஊருக்குப் போகும் ஆட்டோவில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கொள்ளிச்சட்டியை நான் தூக்குகிறேன், முடியைக் கருமாதி அன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டால் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான் அப்படி என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன்.

அப்பாவை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். துறையின் பேரில் ஒரு ரோஜா மாலை அட்டெண்டர் மூலம் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. பெரிய மாலை. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லடா, உன் காலேஜுகாரங்க மரியாத தெரிஞ்சவங்க" என்றார்.

சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஏரிக்கரை ஓரம் நாவிதர் காத்திருந்தார். கிண்ணத்தில் தண்ணீர், பக்கத்தில் ஒரு மணை. பாடையை இறக்கி வைத்தார்கள்.

"உக்காருடா ஏழுமல" என்றார் பெரியப்பா.

நான் நின்றேன்.

"இன்னாடா? வெயில் எறங்குது, உக்காரு."

"பெரிப்பா, கொள்ளி நானே வைக்கிறேன். முடிய மட்டும் கருமாதி அன்னிக்கு எடுத்துக்கறேன். பரீட்ச நடக்குது..."

"இன்னா நடக்குது?"

"பரீட்ச. பசங்க என் தலையத்தான் வரைஞ்சிகினு கீறாங்க."

அந்த இடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு ஊர்வலத்தில் சிரிப்பு வந்தால் அடக்குவது கஷ்டம். பெரியப்பா சிரிக்கவில்லை.

"பெத்தவன் இங்க படுத்துக்கினு கீறான், உனக்கு மயிரு பெர்சா பூட்ச்சா? எவனோ பாத்து வரையறதுக்கு வச்சிக்கினு வந்தியா?"

"நாலு நாள்தான் பெரிப்பா..."

"முடி எடுக்காதவன் சட்டிய தொடக் கூடாது. கருமாதி அன்னிக்கும் சட்டி தூக்கனவந்தான் உக்காரணும். இன்னிக்கி இல்லன்னா இல்ல. சொல்லு, உக்காரியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இது வகுப்பில் பார்க்கிற பார்வை இல்லை. எங்கே கண்ணை வைப்பது என்று தெரியவில்லை, சுவிட்ச் போர்டு இல்லை. சதீஷின் முகம் நினைவுக்கு வந்தது, சாரிடம் சொன்ன "சரி" நினைவுக்கு வந்தது. மணையை விட்டு ஓரடி தள்ளி நின்றேன்.

செல்வம் சட்டையைக் கழற்றினான். என்னைப் பார்க்கவேயில்லை. மணையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். அவன் முடி விழுந்துகொண்டிருந்தது, நான் என் முடியோடு நின்றேன். "இன்னியிலருந்து இவந்தான் மூத்தவன்" என்றார் பெரியப்பா, யாரைப் பார்த்தும் இல்லாமல். தம்பி சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். பங்காளிகள் அவனுக்குப் பின்னால் போனார்கள். நான் அவர்களுக்கும் பின்னால் போனேன்.

மறுநாள் காலை பால் ஊற்றப் போக வேண்டும். அதையும் விட்டுவிட்டேன். கிளம்பும்போது அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். "நீ வேலைக்குப் போ" என்றாள். திட்டியிருக்கலாம்.

கல்லூரிக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே போய்விட்டேன் என்று நினைத்தேன். வகுப்பில் எல்லோரும் இருந்தார்கள். போன் கூடை காலியாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

மேடைமேல் என் நாற்காலி. சாக்பீஸ் கோட்டுக்குள் அதே இடம். நாற்காலி முதுகில் என் சட்டையை மாட்டித் தோள் மடிப்பைக் குண்டூசியால் பிடித்திருந்தார்கள். அதற்கு மேலே, என் தலை இருக்க வேண்டிய உயரத்தில், ஒரு குச்சியில் கிளிப் போட்டு என் போட்டோ. பெரிதாக, வண்ணத்தில், பளபளவென்று அச்சிட்டது. சுருட்டை முடி, மீசை, நடுவில் நரை. பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. போட்டோ லேசாக ஆடியது, அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

என்னை முதலில் பார்த்தவன் சதீஷ். தூரிகையைக் கீழே வைத்தான்.

"அண்ணே... நேத்து மதியமே போட்டோவ குடுத்துட்டாங்கண்ணே. நிவேதா மொத நாளே ஒரு போட்டோ எடுத்து வச்சிகினு இருந்துச்சு. தெரிஞ்சா சாரு கிழிச்சிடுவாருன்னு பயந்துகினே போய்ச் சொல்லுச்சு. சாரு ஒண்ணும் சொல்லல. அவரே பிரிண்ட் போட்டுக்கினு வந்தாரு."

நேற்று மதியம். நான் ஆட்டோவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். மணைக்கு முன்னால் நான் வாயடைத்து நின்றபோது இங்கே என் மீசைக்கு நரை தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சார் உள்ளறையிலிருந்து வந்தார். "வந்துட்டீங்களா? நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். பாவம், பிள்ளைங்க எதிர்காலம். வகுப்பு வேற, பரீட்சை வேற, இல்லீங்களா?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"துக்க வீட்டுல தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதாங்க பண்ணல" என்றார்.

"இப்ப உக்காரட்டுமா சார்?"

அவர் மேடையைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "இல்லீங்க. இப்ப நீங்க உட்கார்ந்தா லைட் வேற மாதிரி விழும், குழம்பிடுவாங்க. போட்டோவுலயே முடிச்சிடட்டும். நீங்க ஊருக்குப் போயி ஆக வேண்டியதைப் பாருங்க."

ஆக வேண்டியது எல்லாம் ஆகியிருந்தது. நிவேதா தன் படத்துக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டிருந்தாள். நிவேதா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். போட்டோ எடுத்ததற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் ஊருக்குக் கிளம்பும் முன்பே நீ அதை எடுத்துக் காட்டியிருக்கலாம் என்று மட்டும் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கரையான்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மெயின் ரோட்டில் முதலில் தெரிந்த சலூனுக்குள் போய், "மொட்டை. மீசையும்" என்றேன். கடைக்காரர் இளைஞர். உற்சாகமாகத் துணியைப் போர்த்தினார்.

"எந்தக் கோயிலுக்குண்ணே வேண்டுதல்?"

"திருத்தணி" என்றேன்.

"இங்க எடுத்துக்கினு போறீங்களா? மலையிலதாண்ணே எடுக்கணும்."

"கூட்டம்."

"அதுவும் சரிதான்." முடித்த பிறகு கேட்காமலே சந்தனத்தைக் குழைத்துத் தலை முழுவதும் பூசிவிட்டார். நான் தடுக்கவில்லை. சந்தனத் தலையோடு வீட்டுக்குள் நுழைந்தேன். மலர் பார்த்துவிட்டு, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து தலையைக் கழுவிவிட்டாள். "இப்ப யாருக்குக் காட்டறதுக்கு இது?" என்றாள்.

கருமாதிக்குப் போனேன். தம்பி தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது, என்னுடையதும் அப்படித்தான். அவனை உட்கார வைத்து மறுபடி எடுத்தார்கள், அவனுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். என்னைக் கூப்பிடவில்லை. நான் பந்தலில் பின்வரிசையில் இருந்தேன். ஒரு தூரத்துச் சொந்தக்காரர் என் தலையைத் தடவி, "இன்னா மாமே, நீயும் எட்த்துக்கினியா? துணைக்கா?" என்றார்.

தேர்வில் சதீஷ் தேறினான். எல்லோரும் தேறினார்கள். வெளியிலிருந்து வந்தவர் முடியும் மீசையும் உயிரோடு இருக்கிறது என்று பாராட்டினாராம்.

திரும்ப வேலைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் வேறு வேலை எனக்குத் தெரியாது. அப்போது முதல் வருடப் பிள்ளைகள் தலையின் அமைப்பு படித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே வந்ததும் வரதன் சார் எழுந்தே விட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"அருமைங்க! இத்தனை வருஷமா இது முடிக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. பாருங்க பிள்ளைங்களா, நெற்றி எலும்பு எங்க திரும்புது, காதுக்குப் பின்னால எப்படி இறங்குது. புத்தகத்துல கிடைக்காது." பென்சிலை நீட்டி அளந்தார். பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "செமஸ்டர் முடியற வரைக்கும் வளர விடாதீங்க. வாரம் ஒரு தரம் மழிச்சிடுங்க" என்றார்.

"சரி சார்" என்றேன். வேறு என்ன சொல்லிப் பழக்கம் எனக்கு?

ஞாயிறுதோறும் அதே சலூன். கடைக்காரர் கோயில் பெயர் கேட்பதை நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை மேடையில் உட்காருவேன். என் மண்டையின் மேடு பள்ளங்களைப் பிள்ளைகள் கரியில் தேய்த்துத் தேய்த்து வரைந்தார்கள். சில படங்களை வராந்தாவில் மாட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழித்த கையோடு பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்றபோது செல்வம் வந்தான். கருமாதிக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறோம். அவனுக்கு முடி நன்றாக வளர்ந்து சீவியிருந்தான். மீசையும் வந்துவிட்டது. என் தலையையே பார்த்தான்.

"இன்னா இது? இன்னும் எடுத்துக்கினு கீற?"

"காலேஜ்ல சொல்லிகீறாங்க."

"எத்தினி தபா?"

"வாரா வாரம்."

பஸ் வந்தது. ஏறப் போனவன் படியில் நின்று திரும்பினான். "அப்பன் ஒரு தபாதாண்ணா செத்தாரு" என்றான்.

அடுத்த ஞாயிறு நான் சலூனுக்குப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. தலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் குத்துக் குத்தாக முளைத்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில் மேடை ஏறியதும் சார் பார்த்தார்.

"என்னங்க, மறந்துட்டீங்களா? ஓரமெல்லாம் தெரியாம போயிடுச்சே."

நான் எழுந்து நின்றேன். மேடையில் நின்றுகொண்டு பேசியது அதுதான் முதல் தடவை. "மறக்கல சார். அது எங்கப்பாவுக்கு எடுக்க வேண்டிய மொட்டை. அன்னிக்கு எடுக்க விடல நீங்க. இனிமே எடுக்க மாட்டேன்."

சாருக்கு நான் என்ன சொல்கிறேன் என்று ஒரு நிமிடம் பிடிபடவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு பிடிபட்டது. "ஓ" என்றார். கையிலிருந்த பென்சில் இறங்கியது. அவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். இத்தனை வருடத்தில் அவரிடமிருந்து நான் எதிர்பார்த்தது அந்த ஒன்றுதான்.

அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். கை மெல்ல மேலே வந்தது.

"சரி பிள்ளைங்களா" என்றார் வகுப்பைப் பார்த்து. "இன்னைக்கு இதையே எடுத்துக்குங்க. முளைச்சு வர்ற முடியை எப்படிக் காட்டறது? அதுவும் நல்ல பயிற்சிதான்."

தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. என் பாதம் கோட்டுக்கு வெளியே இருந்தது. முன்வரிசையில் ஒரு பெண், "அண்ணே, ரெண்டு கால்லயும் சமமா நிக்கிறீங்களா?" என்றாள். நின்றேன்.